ஸ்டார் கட்டிய சாயங்காலம்

பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கியதும் அம்மா முதலில் தேடியது கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும், காது உடைந்த அந்த ஆட்டுக்குட்டி பொம்மையைத்தான்.

பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, பத்திரமாக இருந்தது. நான் மூணாவது படிக்கும்போது கீழே போட்டு உடைத்தது. அப்பா பசை வைத்து ஒட்டிய இடம் இப்போது மஞ்சளாகத் தெரிகிறது.

இன்று, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காலையில் கோயிலில் நான்கு மெழுகுவர்த்திகளில் முதல் ஊதாவை ஏற்றினார்கள். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு.

எங்கள் வீட்டில் இன்றைக்கே வாசலில் ஸ்டார் தொங்கிவிட வேண்டும். அப்பா இருந்தவரை ஏணியில் அவர்தான் ஏறுவார். இன்று தம்பி ஏறினான்.

"வயரெ இந்தப் பக்கம் இழு மக்ளே, மழைத்தண்ணி படும்."

அம்மா சொன்னாலும் அது அப்பாவின் குரல்தான். வருஷா வருஷம் இதே இடத்தில் நின்று கேட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் வயரை இழுத்துக் கட்டினான்.

இனி டிசம்பர் பாதியில் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, சிரட்டைகளில் விதைக்க வேண்டும். தினமும் தண்ணீர் தெளித்தால் பத்து நாளில் விரல் உயரம் நிற்கும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் குடிலுக்கு அதுதான் புல்வெளி. கடையில் பிளாஸ்டிக் புல் கிடைக்கிறது, சரி, ஆனால் அதில் அந்த ஈர மண் வாசம் கிடையாதே.

குழந்தை இயேசு மட்டும் 24-ஆம் தேதி நள்ளிரவு வரை பெட்டிக்குள்தான். அதுவரை தொழுவம் காலியாகவே இருக்கும்.

இருட்டியதும் ஸ்டார் எரிந்தது. அம்மா ஆட்டுக்குட்டியை முந்தானையால் துடைத்து, ஒட்டுப்போட்ட காது வெளியே தெரியும்படி அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தாள்.