மூன்று தீபாவளிகளுக்கு நடுவே ஒரு சிறைவாசம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் பின்னால் ஸ்டூடியோ இல்லை. படப்பிடிப்புத் தளங்கள் இருந்த நிலத்தில் வீடுகள் எழும்பிவிட்டன. மலைக்குப் போகும் வண்டிகள் வேகம் குறைக்காமல் கடந்து போகின்றன. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்த வளைவின் கீழே வெகுநேரம் நின்றேன்.

மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938-இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தது சேலத்தில் இருந்த டி.ஆர்.சுந்தரத்தின் இந்த நிறுவனம்தான். 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வழியாகத் தமிழ்ப்படத்துக்கு முழுநீள வண்ணம் வந்ததும் இங்கிருந்துதான். ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தது 1940-ஆம் ஆண்டின் ‘உத்தமபுத்திரன்’. பி.யு.சின்னப்பா அதில் இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழ்த் திரையில் ஒரே நடிகர் இருவராக வந்து நின்றது அதுவே முதல்முறை.

பழைய நட்சத்திரங்களின் கதைகளைச் சேர்ப்பது சிறுவயதிலிருந்தே எனக்குத் தீராத பித்து. பழைய பாட்டுப் புத்தகங்களில் தொடங்கியது அது. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அச்சிட்டிருப்பார்கள். திரையில் பார்க்க முடியாத அந்த மீதியைத்தான் இன்றுவரை ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் ஒரு நோட்டு உண்டு. இடப்பக்கம் கேட்ட கதை, வலப்பக்கம் உறுதியான தேதி. கதையைத் தேதி கொன்றுவிடும் என்று சில நண்பர்கள் வருந்துவார்கள். என் அனுபவம் வேறு. திருச்சியில் அதை இன்னும் அழுத்தமாக உணர்ந்தேன்.

நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சிக்கு பஸ். முசிறியைத் தாண்டியபின் காவிரி விட்டுவிட்டுக் கூடவே வருகிறது.

பாடி நடித்துப் புகழ்பெற்ற திரை நட்சத்திரம் எம்.கே.தியாகராஜ பாகவதர் 1910-இல் மாயவரத்தில் பிறந்தவர். பொற்கொல்லர் குடும்பம். ஆனால் அவரை ஆளாக்கிய ஊர் திருச்சி. இங்கேதான் ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி.நடேசய்யர், ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் சிறுவன் தியாகராஜனை லோகிதாசனாக மேடையேற்றினார். சங்கிலியாண்டபுரம் இடுகாட்டில் அவருடைய சமாதி இருக்கிறது. வழி கேட்ட இடத்தில் ஒரு பெரியவர் கூடவே நடந்து வந்தார். “தங்கத் தட்டில் சாப்பிட்ட மனிதர் தம்பி. கடைசியில் பாருங்கள்” என்றார். இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இந்தக் கதையைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் தட்டில் தொடங்கி நேரே மரணத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இருப்பதுதான் பெரிது.

சமாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலப்பக்கத்தை நிரப்பினேன். 1934-இல் ‘பவளக்கொடி’. 1937-இல் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’. பிறகு ‘அசோக்குமார்’, ‘சிவகவி’. 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதைச் சினிமா பேசும் எவரும் சொல்வார்கள். அதையே மற்றத் தேதிகளோடு சேர்த்துப் படியுங்கள். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பர் இறுதியில் பாகவதர் கைதானார். 1945-இல் தண்டனை. ‘ஹரிதாஸ்’ கண்ட இரண்டாவது தீபாவளியின்போதும் மூன்றாவது தீபாவளியின்போதும் அதன் நாயகன் சிறையில் இருந்தார்.

படம் ஓடிய வாரங்களை எண்ணி வியந்து பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மாலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆயிரம் பேர் அந்தக் குரலைக் கேட்க உட்காருகிறார்கள். குரலுக்கு உரியவர் கம்பிகளுக்குப் பின்னால். கொலைக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்ன ஒருவரை ஊர் கைவிடவில்லை. வசூல் சாதனை என்ற சொல்லில் அந்தப் பிரியம் அடங்காது.

அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்ப, சென்னை உயர்நீதிமன்றம் 1947 ஏப்ரலில் அவரை விடுதலை செய்தது. அதற்குள் கைவசம் இருந்த படங்கள் போய்விட்டன. ‘உதயணன்’ படத்தில் அவருக்குப் பதில் ஜி.என்.பாலசுப்ரமணியம் நடித்தார். விடுதலைக்குப் பின் வந்த ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’ எதுவும் பழைய இடத்தை மீட்டுத் தரவில்லை. 1959 நவம்பர் 1-இல் காலமானபோது வயது 49. தங்கத் தட்டுக்கும் இந்தச் சமாதிக்கும் நடுவே இவ்வளவும் இருக்கிறது. பெரியவருக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவர் தேதிகளைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்படியானால் சிறைக்குள் தீபாவளி கொண்டாடியிருப்பாரா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை. பாகவதருக்கு எதிர்முனையில் ரசிகர்கள் நிறுத்திய சின்னப்பாவின் ஊர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். குரல் உடைந்தபோது மனம் தளராமல் சிலம்பமும் உடற்பயிற்சியும் பழகி உடம்பைத் தேற்றிக்கொண்டவர். ‘கண்ணகி’யில் கண்ணாம்பாவுக்கு இணையாகக் கோவலனாக நின்றவர்.

அவர் வீடு வாங்கிக் குவித்த கதை இங்கே டீக்கடை வரை உயிரோடு இருக்கிறது. ஊரில் விலைக்கு வந்த வீட்டையெல்லாம் அவரே வாங்கியதால், இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாம். வலப்பக்கம்: புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. சின்னப்பா இறந்தது 1951 செப்டம்பரில், 35 வயதில். ஆகவே தடை உண்மையென்றால் அவருடைய முப்பத்திரண்டு வயதுக்குள் நடந்திருக்க வேண்டும். முப்பது வயதை ஒட்டிய ஒரு நாடகக்கார இளைஞன் தெருத்தெருவாக வீடு வாங்குகிறான், அரசாங்கம் குறுக்கே வந்து நிற்கிறது! தேதியைச் சேர்த்த பிறகு அந்தக் கதை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

அடுத்து நாகர்கோவில், ஒழுகினசேரி. பாகவதரோடு சேர்ந்து தண்டனை பெற்று, அதே 1947 ஏப்ரலில் விடுதலையான நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த இடம். அவருக்காக நோட்டில் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் யாரிடமாவது வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை இருந்தால், ஆண்டு தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். தேதியை நான் தேடிக்கொள்கிறேன்.