ஸ்பானிஷ் இறந்தகாலம்: அட்டவணைக்கு முன்னால் காதைப் பழக்குங்கள்

ஸ்பானிஷ் கற்கிறவர்கள் இறந்தகாலத்துக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரு பெரிய அட்டவணையில்தான் போய் நிற்கிறார்கள். 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்று முடியும் மூன்று வகை வினை, ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம், ஆக 18 கட்டங்கள். அதை மனப்பாடம் செய்யும் முன் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைக் காதுக்குப் பழக்குங்கள் என்று அடித்துச் சொல்வேன், இந்தக் காலத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கன்தார் என்றால் பாடுதல். முதல் அசையை அழுத்தி 'கான்தொ' என்றால் நான் பாடுகிறேன். கடைசி அசையை அழுத்தி 'கன்தோ' என்றால் அவர் பாடினார். எழுத்தில் பார்த்தால் கடைசி 'ஓ'வின் தலையில் ஒரு சின்னச் சாய்கோடு, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் காலமும் மாறிவிட்டது, ஆளும் மாறிவிட்டார். ஸ்பானிஷில் நம்மைப்போலக் குறில் நெடில் கிடையாது. இருந்தாலும் அழுத்தம் விழும் உயிரை நெடிலாக எழுதிக்கொண்டால் தமிழ்க் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும், என் நோட்டு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

சரி, முழு வரிசை: நான் கன்தே, நீ கன்தாஸ்தெ, அவர் கன்தோ, நாங்கள் கன்தாமொஸ், அவர்கள் கன்தாரொன். 'கன்தாஸ்தெய்ஸ்' என்று ஆறாவது ஒன்று உண்டு, நெருங்கியவர்கள் பலரைப் பார்த்து 'நீங்கள்' என்பதற்கு. அது ஸ்பெயினில்தான் புழங்குகிறது, மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் பேசப்போகிறவர்கள் பார்த்தால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

அப்புறம் நல்ல செய்தி. 'ஏர்' என்று முடியும் வினைக்கும் 'ஈர்' என்று முடியும் வினைக்கும் இந்தக் காலத்தில் ஒரே விகுதிகள். கொமேர் (சாப்பிடுதல்): கொமீ, கொமீஸ்தெ, கொம்யோ, கொமீமொஸ், கொம்யேரொன். எஸ்க்ரிபீர் (எழுதுதல்): எஸ்க்ரிபீ, எஸ்க்ரிபீஸ்தெ, எஸ்க்ரிப்யோ என்று அதே தடத்தில் போகும். 18 கட்டம் 12 ஆகிவிட்டது.

வினையிலேயே ஆள் தெரிவதால் எழுவாயை விட்டுவிடலாம், 'வந்தேன்' என்றாலே நமக்குப் போதுவது மாதிரி. ஆனால் ஆண்பால் பெண்பால் வித்தியாசம் விகுதியில் வராது. 'கன்தோ' என்பது பாடினான், பாடினாள் இரண்டும்தான், மரியாதையாக ஒருவரிடம் 'நீங்கள் பாடினீர்கள்' என்பதும் அதேதான். 'கன்தாமொஸ்' வேறு ஒரு சிக்கல், பாடுகிறோம், பாடினோம் இரண்டுக்கும் அதே வடிவம். பக்கத்தில் 'அயேர்' (நேற்று) இருந்தால் தெளிவாகிவிடும்.

புஸ்கார் (தேடுதல்) என்பது நான் தேடினேன் என்று வரும்போது 'சி' எழுத்து போய் 'க்யூ', 'யூ' இரண்டும் வரும். சில புத்தகங்கள் இதை ஒழுங்கற்ற வினை என்று தள்ளி வைத்துவிடுகின்றன, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 'எ'வுக்கு முன்னால் 'சி' வந்தால் ககர ஒலி போய்விடும், அதைக் காப்பாற்றத்தான் எழுத்தை மாற்றுகிறார்கள். வாயில் 'புஸ்கே' ஒழுங்காகத்தான் வருகிறது.

மாட்ரிட்காரர் ஒருவர் இன்று காலை சாப்பிட்டதை 'எ கொமீதொ' என்று வேறு வடிவத்தில் சொல்லக்கூடும், மெக்சிகோ நகரத்தில் அதற்கும் 'கொமீ' என்பதுதான் வழக்கம். லத்தீன் அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இந்தக் காலம் தேவைப்படும்.