டிரான்சம் பலகை: ஒட்டியதைப் பெயர்த்து மறுபடி ஒட்டிய கதை

முந்தாநாள் காலையில் டிரான்சம், அதாவது படகில் எஞ்சின் தொங்கும் பின்பலகை, ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது முறை!

14 அடிப் பழைய ஃபைபர் படகு. எஞ்சினை ஆட்டினால் பின்பலகையும் கூடவே ஆடியது. முன்பு வைத்திருந்தவர் எஞ்சின் போல்ட் ஓட்டையில் பொட்டுச் சீலண்ட்கூட வைக்காமல் முறுக்கியிருக்கிறார். கிரைண்டரால் உள்தோலை அறுத்தேன். உள்ளே பிளைவுட் ஊறப்போட்ட புண்ணாக்கு மாதிரி இருந்தது, கரண்டியாலேயே அள்ளினேன். ஃபைபர் தூள் பட்ட அரிப்பு மூன்று நாள் போகவில்லை.

18 மி.மீ. மரைன் பிளை இரண்டை ஒட்டி 36 ஆக்கியாச்சு. அதை வெளித்தோலோடு ஒட்டுவதில்தான் மாட்டிக்கொண்டேன். தூத்துக்குடி கத்திரி வெயிலில், காலை பதினொரு மணிக்கு, ஒட்டும் ரெசினில் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (ரெசினைக் கட்டியாக இறுக வைக்கும் திரவம்) ஊற்றியது என் புத்தி. நாலாவது கிளாம்பை முறுக்கும்போதே வாளியில் ரெசின் புகைய ஆரம்பித்துவிட்டது. மறுநாள் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்த்தால் ஓரமெல்லாம் டொக் டொக், நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொத் பொத்; அங்கே ஒட்டவே இல்லை. துளை போட்டு ஊசியில் ரெசின் ஏற்று என்றார்கள். எஞ்சின் தொங்கி இழுக்கும் இடமாயிற்றே, மனசு ஒப்பவில்லை. உளி வைத்துப் பெயர்த்தேன். புதுப் பிளையும் போச்சு.

இந்த முறை விடிகாலை ஐந்து மணி, கேட்டலிஸ்ட் 1 சதவீதம். வாளியை ஒதுக்கிவிட்டு அகலத் தட்டில் கலந்தேன். ரெசின் ஆழமாக நின்றால்தான் சூடேறிச் சட்டென்று கட்டுகிறது. முதலில் பிளையின் முகத்துக்கும் விளிம்புக்கும் வெறும் ரெசினைக் குடிக்கக் கொடுத்து, அப்புறம் ஏரோசில் என்ற கெட்டியாக்கும் பொடி கலந்த ரெசினை டைல்ஸ்காரரின் பல் கரணையால் வரி வரியாக இழுத்தேன். ஜி கிளாம்பின் வாய் நடுப்பகுதிக்கு எட்டாது. அதனால் உள்ளேயும் வெளியேயும் ரீப்பர் கட்டை கொடுத்து, கிரீஸ் தடவிய திருகுக் கம்பியைப் பழைய போல்ட் ஓட்டை வழியே விட்டு இறுக்கினேன். பிளையில் ஏற்கெனவே 6 மி.மீ. துளைகள் போட்டு வைத்திருந்தேன். நட்டை முறுக்க முறுக்க சேவை நாழியில் பிழிவது போல எல்லாத் துளையிலும் ரெசின் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போனேன். இப்போது எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.

ரெசின் கடைக்காரர் மேல் ஒரு கோபம் பாக்கி இருக்கிறது. கோபால்ட்டையும் (ரெசின் கட்டுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்டையும் பேர் எழுதாத பாட்டில்களில் ஊற்றி ஒரே பையில் போட்டுத் தந்தார். நேராகக் கலந்தால் வெடிக்கிற சாமான்கள்! அடுத்த தடவை என் டப்பாவும் மார்க்கரும் கொண்டுபோகிறேன்.

உள்பக்கம் மூன்று அடுக்கு 450 கிராம் மேட் (கண்ணாடி நார்ப் பாய்), இரண்டு அடுக்கு ரோவிங் (கண்ணாடி நார் நெய்த துணி) போக வேண்டும். முதல் மேட்தான் விழுந்திருக்கிறது. எஞ்சின் ஓட்டைகளைப் பெரிதாக்கி, எபாக்சியால் அடைத்துத் திரும்பத் துளைக்கும் வேலையும் மிச்சம். அதற்குள் நடு இருக்கைக்குக் கீழே உயிர் இறால் வைக்க ஒரு தொட்டி கட்டலாமா என்று டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறேன். 40 லிட்டர் தாராளமாகப் பிடிக்கும் போலிருக்கிறது.