பத்துக் கையெழுத்து

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குத் தேர்தல் என்றால் படிவம் 26 தான். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் அதில் அடித்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, வேட்புமனுவோடு சேர்க்க வேண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் பரிசீலனையில் சிக்கல் வரும். ஈரோட்டில் கட்சிக்காரர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் பல தேர்தல்களாக இதைச் செய்து கொடுக்கிறேன். 2024 மார்ச்சில் ஒரு திருநங்கை அக்காவுக்குத் தயார் செய்த மனு தாக்கலாகவே இல்லை. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஜவுளிச் சந்தையில் சேலை எடுத்து, வீடு வீடாகப் போய்த் தவணைக்கு விற்பவர். எந்தத் தெருவில் தறி நின்றுபோனது, எந்த வீட்டில் வட்டி கட்ட முடியவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாடாளுமன்றத்துக்கு ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். "எங்களப் பத்தி மட்டும் பேசறதுக்கு நிக்கலீங்க தம்பி. நூல் வெல ஏறுனா இங்க எத்தன வீட்ல அடுப்பெரியாதுன்னு டெல்லில ஒருத்தர் சொல்லோணுமல்ல?" என்றார். கொங்கு நாட்டில் எம்.பி.க்கு நிற்கிறவர் யாராக இருந்தாலும் பேச வேண்டிய விஷயம் அது.

டெபாசிட் பணம் 25,000 ரூபாய் அவரிடம் இருந்தது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். போனால் போகட்டும் என்று துணிந்துதான் வந்திருந்தார்.

வழக்குப் பகுதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பஸ் ஸ்டாண்டில் நாலு பேரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய், அபராதம் கட்ட வைத்து அனுப்பியிருக்கிறார்கள். என்ன பிரிவு, எந்தக் கோர்ட்டு, எந்தத் தேதி, எதுவும் அக்காவுக்குத் தெரியாது. படிவமோ அத்தனையும் கேட்கிறது. 2018 முதல், குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அதைச் செய்தித்தாளிலும் டிவியிலும் மூன்று முறை சொந்தச் செலவில் விளம்பரப்படுத்தவும் வேண்டும். அரசியலில் குற்றவாளிகளைத் தடுக்க வந்த நல்ல விதி அது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நிற்க இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றதற்காகப் போட்ட வழக்கும் அதே கட்டத்தில்தான் வருகிறது. இருபது வயதில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் பலரின் கதையில் இப்படி ஒரு வழக்கு இருக்கும். தேடிப் பிடித்து அதையும் எழுதினோம்.

அப்புறம் முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் மனுவில் கையெழுத்துப் போட்டு முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண்ணோடு.

"பத்துத்தானுங்களே, எங்க ஜமாத்துலயே இருக்கறாங்க" என்றார் அக்கா. திருநங்கைகள் குடும்பம்போல் சேர்ந்திருக்கும் கூட்டத்தைத்தான் ஜமாத் என்பார்கள். ஆனால் அவருடைய ஆட்கள் பெரும்பாலும் பவானியிலும் கோபியிலும் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டமே தவிர, நாடாளுமன்றத்துக்கு அந்த ஊர்கள் திருப்பூர் தொகுதி. பவானிசாகர் நீலகிரிக்குப் போய்விடுகிறது. அந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம் ஈரோட்டில் சேருகிறது. ஒரே குடும்பமாக வாழ்கிறவர்கள் மூன்று தொகுதிகளில் சிதறிக் கிடந்தார்கள். உள்ளூரில் இருந்த சிலருக்கோ வாக்காளர் பட்டியலில் பழைய பேர், பழைய விலாசம்.

சரி, சேலை வாங்கும் வீடுகளில் கேட்போம் என்று கிளம்பினார். எல்லாரும் நல்லவர்கள்தான். "உனக்குத்தான் கண்ணு ஓட்டு" என்று காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்து என்றதும் பேச்சு மாறிவிட்டது. வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், எங்கள் பேர் வெளியே வருமா, பையன் கட்சியில் இருக்கிறான், இப்படி. ஆறேழு பேர் போட்டார்கள். மார்ச் 27 மதியம் மூன்று மணிக்குத் தாக்கல் முடிந்தது, பத்து சேரவில்லை.

அன்றைக்கிருந்து நான் யோசித்தது இதைத்தான். ஓட்டு ரகசியம், யாருக்குப் போட்டோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம். முன்மொழிவது வெளிப்படை. ஒரு திருநங்கை சுயேச்சையாக நிற்க அவருடைய தைரியம் மட்டும் போதாது, இன்னும் பத்துப் பேர் பகிரங்கமாகத் தைரியப்பட வேண்டும். 2014இல் மதுரையில் திருநங்கை பாரதி கண்ணம்மா சுயேச்சையாக நின்றதன் கனம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த ஆண்டு ஏப்ரல் 15இல்தான் வந்தது. மனுத்தாக்கல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2019இல் தென்சென்னையில் ராதாவும் சுயேச்சைதான்.

ஜெயித்த திருநங்கைகளைப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. மத்தியப் பிரதேசத்தில் சுயேச்சையாக எம்.எல்.ஏ. ஆன ஷப்னம் மௌசி அபூர்வம். எங்களுக்குப் பக்கத்துத் திருச்செங்கோட்டில் 2020 ஜனவரியில் ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்த ரியா தி.மு.க. சின்னத்தில் நின்றவர். 2022இல் வேலூர் மாநகராட்சிக்குப் போன கங்காவும் அப்படியே. நியூசிலாந்தில் ஜார்ஜினா பேயர் கார்ட்டர்டன் என்ற சின்ன ஊருக்கு மேயராக இருந்துவிட்டு, 1999இல் தொழிற்கட்சி வேட்பாளராக நாடாளுமன்றம் போனார். கிராமத்து விவசாயிகள் நிறைந்த தொகுதி, நம் தாராபுரம், காங்கேயம் மாதிரி. அமெரிக்காவில் சாரா மெக்பிரைட் முதலில் டெலவேர் மாநில செனட்டர், பிறகு 2024இல் ஜனநாயகக் கட்சி சார்பில் நாடாளுமன்றம். ஜெயித்து உள்ளே போகும் முன்பே அவர் எந்தக் கழிவறைக்குப் போகலாம் என்று விதி போட்டார்கள் என்பது வேறு கதை. அதைப் படித்தபோது எனக்குக் கோபமாக வந்தது.

ஆகவே "திருநங்கைகள் தைரியமாக முன்வர வேண்டும்" என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் நல வாரியம் 2008லேயே வந்தது. ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் பெரிய கட்சிகள் எதுவும் இங்கே ஒரு திருநங்கைக்கு சீட் கொடுத்து நான் பார்க்கவில்லை. பத்துக் கையெழுத்தை ஒரே கையெழுத்தாக்குவது கட்சிகளால் முடியும். வழக்கு விவரத்தை விளக்கிப் பேச நாலு ஆட்களை அனுப்புவதும் அவர்களால்தான் முடியும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023இல் வந்த சட்டத்திலும் இவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேட்க வேண்டிய இடம் கட்சி அலுவலகம்.

அக்காவிடமும் இதையே சொன்னேன். இப்போது ஒரு கட்சியில் உறுப்பினராகி, கூட்டங்களுக்குப் போய் வருகிறார். அடுத்த மாநகராட்சித் தேர்தலுக்கு விருப்ப மனு கொடுக்க வேண்டும் என்று அதை என்னிடமே அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஜமாத்தில் உள்ளவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் பேரையும் விலாசத்தையும் திருத்த படிவம் 8 நிரப்பிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் சும்மாதானே கிடக்கிறது என்று வக்கீலய்யாவும் சாவியைக் கொடுத்துவிட்டார்.