மிங்கலாபா உறை: யாங்கோனில் காசு கொடுக்கும் முன் எழுத்தைப் பாருங்கள்

யாங்கோனில் (பழைய ரங்கூன்) லேப்டாப் உறை வாங்கத் திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். போஜோ ஆங் சான் சந்தைக்கு அன்று விடுமுறை. 1926-இல் கட்டிய அந்தப் பழைய ஸ்காட் மார்க்கெட் வரை வெயிலில் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் அறை வாடகை தண்டம்.

மற்ற நாளில் போனால், பர்மிய வணக்கச் சொல்லான ‘மிங்கலாபா’வைப் பெரிதாகப் போட்ட லேப்டாப் உறைகள் கிடைக்கும். தூரத்திலிருந்து எல்லாமே அழகு. பக்கத்தில் போய்ப் படித்தால்தான் எரிச்சல் வரும், ஏனென்றால் எழுத்துப் பிழையோடு அச்சடித்தவையும் நடுவில் கலந்திருக்கும். வாங்குகிற வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

மிங்கலா என்பது நம் மங்கலமேதான். பாலி வழியாக அங்கே போன சொல். நாம் ‘ங்’ எழுதி அடுத்து ‘க’ எழுதுகிறோம். பர்மியத்தில் அதே ங் சுருங்கி க-வின் தலைமேல் ஏறி உட்காரும். அந்தக் குட்டி ங்-வைத்தான் முதலில் தேட வேண்டும். அது கீழே இறங்கி வரிசையில் நின்றால் பிழை. அடுத்து, கால். பர்மியத்தில் ஆகாரக் கால் இரண்டு வகை: குட்டை, நெட்டை. ‘லா’வுக்குக் குட்டைக் கால், கடைசி எழுத்துக்கு நெட்டைக் கால். அங்கே குட்டைக் காலைப் போட்டால் ப-வும் காலும் ஒட்டி ஹ மாதிரி தெரியும், அதற்காகவே நெட்டைக் கால். எழுதுவது ‘பா’, சொல்வது B ஒலியில். ‘அன்பு’ என்று எழுதி நாம் ஒலிக்கிற அதே ப.

பிழைக்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமில்லை. மியன்மாரில் வெகுகாலம் ஜோஜீ என்கிற தனிமுறை எழுத்துருதான் ஓடிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபர் 1-இல்தான் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய கணினி வைத்திருக்கும் அச்சுக்கடையில் யூனிகோடில் தட்டிய சொல்லை ஜோஜீயில் திறந்தால் குட்டி ங் மேலே ஏறாது, பக்கத்தில் சம்பந்தமில்லாத குறிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்களே வடிவம் கொடுத்து அடிக்கச் சொல்வதானால் எழுத்தாக அனுப்பவே அனுப்பாதீர்கள். எழுத்துரு தேவைப்படாதபடி கோட்டு வடிவமாக (outline) மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். காகிதத்தில் ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும்.

ஒரு கருத்தைச் சொல்லியே ஆகவேண்டும்: மிங்கலாபாவைவிட நல்ல வாசகங்கள் இருக்கின்றன. அது வகுப்பில் ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்வது, கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சொல்வது. தெரிந்தவர்கள் தெருவில் கேட்டுக்கொள்வது ‘நே காவுங் லா’, அதாவது நல்லா இருக்கீங்களா. அதையும்விட அருமை ‘தமின் சா பீபீலா’. சோறு சாப்பிட்டாச்சா! இதைவிட நமக்குப் பொருத்தமான உறை வேறு எது? சொல் நீளம் என்பதால் இரண்டு வரியாக மடித்துப் போடச் சொல்லுங்கள்.

புத்தர் உருவம் போட்ட உறை வேண்டவே வேண்டாம். 2015-இல் புத்தருக்கு ஹெட்ஃபோன் மாட்டிய விளம்பரப் படத்துக்காக யாங்கோனில் சிறைத் தண்டனையே கொடுத்திருக்கிறார்கள். காலடியில் கிடக்கிற பொருளில் அந்த உருவம் இருப்பது அவர்களுக்கு வலிக்கும்.

ஆயத்த உறைகளில் பெரிய குறை பஞ்சு. 2 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். மூலை அடிபட்டால் லேப்டாப் தாங்காது. விரலால் இரண்டு பக்கமும் அழுத்துங்கள். விரல்கள் ஒன்றை ஒன்று உணர்ந்தால் வைத்துவிட்டு நகருங்கள். ஜிப்பின் உட்புறம் துணிப்பட்டை இல்லையென்றாலும் வேண்டாம், பல் உரசி மூடியெல்லாம் கீறல் விழும்.

அதனால் துணி வாங்கித் தைப்பதே சரி, செலவும் கட்டுப்படும். அனவ்ரத்தா சாலையில் 1871-இல் தமிழர் கட்டிய காளி கோயிலுக்கு அருகில் தெயின்ஜி சந்தை இருக்கிறது. சுற்றுலாக்காரர் கூட்டம் குறைவு என்பதால் லோன்ஜித் துணி (பர்மியர் இடுப்பில் கட்டும் கைலி) போஜோவைவிட மலிவு. ஒரு லோன்ஜி சுமார் 2 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம். மூட்டாத துணியாகக் கேளுங்கள்.

கணக்கு இப்படி. உதாரணத்துக்கு 14 அங்குல மேக்புக் ப்ரோ: 31.3 அகலம், 22.1 உயரம், 1.6 தடிமன், எல்லாம் சென்டிமீட்டரில். அகலத்தோடு தடிமன், தளர்வுக்கு 1, தையலுக்கு இரு பக்கமும் 1, ஃபோம் தின்னும் இடத்துக்கு 1 சேர்த்தால் 37. உயரம் அதே கணக்கில் 28. ஒரு உறைக்கு வெளித்துணி இரண்டு துண்டு. துணியின் நீளவாக்கில் 37 வைத்து வெட்டினால் பத்துத் துண்டு, ஐந்து உறை. திருப்பி வெட்டினால் பதினான்கு துண்டு, ஏழு உறை தேறும். ஆனால் அச்சேய்க் என்கிற பர்மிய அலைக்கோலம் படுக்கையாக ஓடாமல் செங்குத்தாக நிற்கும். அலை போட்ட துணியானால் ஐந்தோடு நிறுத்துங்கள், அந்த அழகைக் கெடுத்து மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை.

வெட்டும் முன் துணியை அலசிக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் லேப்டாப் நுழையாது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். உள்ளே 5 மில்லிமீட்டர் ஃபோம், வழவழப்பான லைனிங், 5-ஆம் எண் நைலான் ஜிப்.

எழுத்தை எம்பிராய்டரி செய்வதில்தான் வேலை கெடும். பர்மிய எழுத்து முழுக்க வட்டம். நூல் துணியை ஒரு திசையில் இழுப்பதால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பின்னால் பக்ரம் என்கிற விறைப்புத் துணி வைத்தே தைக்க வேண்டும், ஃபோம் சேர்ப்பதற்கு முன்பே எழுத்து முடிந்திருக்க வேண்டும். எழுத்து 2 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தால் தலைமேல் ஏறிய குட்டி ங் நூலால் அடைந்து வெறும் புள்ளியாகிவிடும். கரண்ட் போகிற ஊர் வேறு. பாதியில் மிஷின் நின்று, துணியை இறுக்கும் வளையத்தைக் கழற்றி மாட்டினால் மிச்சத் தையல் ஒரு மில்லிமீட்டர் தள்ளிக்கூட விழலாம். காலால் மிதிக்கிற மிஷினில் கை எம்பிராய்டரி போடுகிற தையல்காரர் கிடைத்தால் அவரிடமே கொடுங்கள். நேரம் கூடுதலாகும், வட்டம் வட்டமாக வரும்.

பணத்தில் கவனம். மத்திய வங்கி 2022-இல் டாலருக்கு 2,100 கியாட் (மியன்மார் நாணயம்) என்று வைத்தது. 2024-இல் வெளிச்சந்தையில் 4,000-ஐயும் தாண்டியது. வங்கி விகிதத்தில் பட்ஜெட் போட்டால் எல்லாமே இரட்டை விலையாகத் தெரியும். டாலர் நோட்டு மடிப்போ கறையோ இல்லாமல் இருக்க வேண்டும். அட்டைக்குள் தட்டையாக வைத்து எடுத்துப் போங்கள், மடித்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற காலையில் மொஹிங்கா சாப்பிடுங்கள். கெளுத்தி மீன் குழம்பு, அரிசி நூடுல்ஸ், உள்ளே வாழைத்தண்டு, மேலே மொறுமொறு பருப்பு வடை, எலுமிச்சை பிழிந்து. சென்னையில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடையில் மொய்ங்கா என்று குடிப்பதன் தாய் இது. மீன் வாசம் தூக்கலாக, குழம்பு கெட்டியாக, அப்படி ஒரு ருசி! சந்தைக்குள் உட்கார வேண்டாம், நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலி போட்ட கடையே போதும்.

உறையை வாங்கும்போது லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விட்டு ஜிப்பை மூடிப் பாருங்கள். பிறகு அந்த மொஹிங்கா கடைக்காரரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் ‘தமின் சா பீபீலா’ என்று படித்தால் மீதிக் காசைத் தையல்காரரிடம் கொடுக்கலாம்.