பொது வாய்மொழித் தேர்வில் ‘பொது’ என்ற சொல்

முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை மாணவர் அவையின் முன் விளக்கி, தேர்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்வுக்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அழைப்பிதழ்களில் ‘பொது வாய்மொழித் தேர்வு’ என்று பெயர். பெங்களூரில் நாங்கள் வைவா என்றோ டிஃபென்ஸ் என்றோ சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது ‘பொது’ என்ற சொல் விழுந்துவிடுகிறது. திருச்சியில் எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்த நான், ஓய்வுபெற்று மல்லேஸ்வரத்தில் குடியேறிய பிறகுதான் அந்தச் சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொண்டு, இந்த ஊரின் கணிதத் துறைகளில் நடக்கும் ஆய்வேட்டுத் தேர்வுகளுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காரத் தொடங்கினேன். அரங்கின் வாசலில் யாரும் என்னை யாரென்று கேட்டதில்லை.

நேரு கோளரங்கில் நடக்கும் அறிவியல் பொதுச் சொற்பொழிவுகளுக்கு எப்படியும் கூட்டம் வந்துவிடுகிறது. ஆய்வேட்டுத் தேர்வின் நிலை வேறு. நெறியாளர், புறத்தேர்வாளர், தலைமை தாங்கும் பேராசிரியர், உடன் படிக்கும் நான்கைந்து பேர் தவிர மற்ற நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். ஆய்வேட்டை வெளியிலுள்ள தேர்வாளர்கள் முன்பே வரிவரியாகப் படித்து அறிக்கை அனுப்பியிருப்பார்கள் என்பதால், இந்த ஒரு மணி நேரம் வெறும் சடங்கு என்று மாணவர்களே நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு துறையில், ஓர் இளைஞர் ஐந்தாண்டு உழைப்பை ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டே போனதையும், கேட்டிருந்தவர்களில் பாதிப்பேர் மடிக்கணினியிலிருந்து தலை நிமிராததையும் பார்த்துவிட்டு மனம் கனத்து வீடு திரும்பினேன்.

கேட்பவர்களின் கடமையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு 1962ஆம் ஆண்டு கொல்கத்தாவில் நடந்தது நினைவுக்கு வரும். இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்திருந்த ரஷ்யக் கணித மேதை கொல்மகோரவ் முன்னிலையில், சென்னையில் பிறந்த எஸ். ஆர். எஸ். வரதன் தம் ஆய்வைப் பற்றி நெடுநேரம் பேசினார். உரை முடிந்ததும் கருத்துச் சொல்ல கொல்மகோரவ் எழுந்தார். அதற்குள் பொறுமையிழந்த சிலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். அவர் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியேறிவிட்டார். தம் முனைவர் பட்டம் போயிற்று என்றே வரதன் நினைத்தாராம். கோபம் அவையோர் மீதுதான் என்று பின்னர்தான் தெரிந்தது. 2007இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றபோது அளித்த பேட்டியில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அங்கே எழுந்து போனவர்கள் எதை இழந்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு நான் கேட்ட ஒரு தேர்வு இதற்கு நேர்மாறானது. திண்டுக்கல் பக்கத்துப் பெண். பெற்றோர் முந்தின இரவு ரயிலேறி வந்து, என் பக்கத்திலேயே மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அந்தப் பெண் ஸ்லைடை உடனே போடவில்லை. கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அது மேளத்தின் தோல் என்றார். ஒரே பரப்பளவுள்ள தோல்களை ஒரே இழுப்பில் வெவ்வேறு வடிவங்களில் கட்டினால் எது மிகத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும்? வட்டம்தான் என்று 1877இல் ராலே பிரபு ஊகித்ததையும், அதை 1920களில் ஃபாபரும் கிரானும் தனித்தனியே நிரூபித்ததையும் சொன்னார். பிறகு வட்டத்துக்குள் இன்னொரு சிறு வட்டத்தை வரைந்து, அந்தப் பகுதியை அசையாமல் அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறும், எங்கே பிடித்தால் மிக அதிகமாக ஏறும் என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். நட்டநடுவில் என்பது விடை. மிருதங்கத்தின் கரணை, அதாவது தோலின் நடுவில் பூசும் கரும்பூச்சு, சுருதிகளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதைப் பற்றி 1920இலேயே நேச்சர் இதழில் எழுதிய சர் சி. வி. ராமன், 1933இல் இதே பெங்களூருக்கு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்தவர் என்பது அப்போது என் நினைவில் ஓடியது. பத்து நிமிடங்களுக்குப் பிறகு சமன்பாடுகள் வந்தன; அவற்றில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எந்தக் கேள்விக்காக அவை எழுதப்படுகின்றன என்பதை ஒரு கணமும் மறக்கவில்லை. உள்ளே இருப்பது வட்டமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று புறத்தேர்வாளர் கேட்டபோது, தம் முறை எந்த வரியில் நின்றுவிடுகிறது என்பதை அவர் பலகையில் சுட்டிக்காட்டி, அதற்கு மேல் தமக்குத் தெரியாது என்றார். அன்று நான் கேட்டவற்றில் மிக நல்ல பதில் அதுதான்.

தேர்வாளர்கள் தனியே பேச வேண்டும் என்று எங்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். நடைக்கூடத்தில் அந்தத் தாய் என்னிடம், “சார், பாப்பா எல்லாத்துக்கும் சரியாச் சொல்லுச்சா?” என்று கேட்டார். சொல்லிவிட்டார் என்றேன். தந்தையின் மனம் வேறெங்கோ இருந்தது. “தப்பு மேளத்தைத் தீயில காட்டி ஏத்துவாங்களே சார், அந்தச் சத்தத்தைப் பத்தியா இது?” என்றார். ஆமாம், தீயில் காட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும், உங்கள் மகள் இழுப்பை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. தலைவர் அந்தப் பெண்ணை டாக்டர் என்று அழைத்துக் கைகுலுக்கினார்.

தேநீர் மேசையருகே எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருக்க, தந்தை மகளைத் தனியே அழைத்து, “நடுவுல இல்லாம ஓரமா வெச்சா என்னாத்தா ஆகும்?” என்று கேட்டார். மகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அழைப்பிதழின் பின்பக்கத்தில் வட்டம் வரையத் தொடங்கினார்.