ஒரு டெராபைட்டில் 69 ஜிபி எங்கே போச்சு?

புது ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இந்தப் புகார்தான்: "பெட்டியில ஒரு டிபின்னு போட்டிருக்கு, சொருகிப் பார்த்தா 931 ஜிபிதான் காட்டுது." சித்தப்பா ஒருபடி மேலே போய், திருப்பிக் கொடுக்கப் பெட்டியை ஒட்டியே வைத்துவிட்டார்.

யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். கிலோ ஆயிரம், மெகா பத்து லட்சம், ஜிகா நூறு கோடி, டெரா லட்சம் கோடி. பெட்டியில் சொன்ன லட்சம் கோடி பைட்டும் உள்ளே இருக்கிறது. விண்டோஸ்தான் 1024 ஆக எண்ணுகிறது. கம்ப்யூட்டருக்கு எல்லாமே இரண்டின் அடுக்கு. பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1024. லட்சம் கோடியை 1024-ஆல் ஒருமுறை வகுத்தால் 97,65,62,500. இன்னொருமுறை வகுத்தால் சுமார் 9,53,674. மூன்றாம் முறை 931. இதே டிஸ்க்கை மேக்கில் சொருகினால் முழுசாக ஒரு டிபி காட்டும், ஏனென்றால் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து அங்கே ஆயிரக் கணக்குதான். 1024 கணக்குக்கென்று 1998-இலேயே கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்கள் வைத்தார்கள். அந்தப் பெயர்களை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் குழப்பத்தின் உச்சம் பழைய மூன்றரை அங்குல ஃபிளாப்பி. அதன்மேல் 1.44 எம்பி என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41. அப்போ 1.44 எப்படி வந்தது? ஒருமுறை 1024-ஆல் வகுத்து, அடுத்த முறை ஆயிரத்தால் வகுத்திருக்கிறார்கள்!

இன்டர்நெட் வேகத்தில் இருப்பது வேறு சிக்கல். 100 எம்பிபிஎஸ் என்பதில் வருவது பைட் இல்லை, பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, டவுன்லோட் ஆகும்போது நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றரை ஜிபி ஃபைல் இறங்க எப்படியும் இரண்டு நிமிடம்.

சரி, எனக்கு அலுத்துப்போன கேள்விக்கு வருகிறேன்: "மெமரி ஃபுல்லாயிடுச்சு, ராம் போடணுமா?" போட்டோ, வீடியோ எல்லாம் இருப்பது ஸ்டோரேஜில். கரண்ட் போனாலும் அவை அங்கேயே இருக்கும். ராம் என்பது இப்போது திறந்திருக்கும் வேலைக்கான இடம். மெஷினை அணைத்தால் அதில் இருப்பது போய்விடும். சேவ் பண்ணாத கடிதம் காணாமல் போவது இதனால்தான். ஸ்டோரேஜ் நிரம்பியதற்கு ராம் வாங்கிப் போட்டால் பணம்தான் தண்டம்.

மெஷின் மெதுவாக ஓடினால் காசை எடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், வழக்கமான வேலையைச் செய்துகொண்டே மெமரியையும் (இங்கே மெமரி என்றால் ராம்) டிஸ்க்கையும் கவனியுங்கள். மெமரி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ராம் போதவில்லை. மெமரி பாதிதான் ஆகியிருக்கிறது, டிஸ்க் மட்டும் நூறில் நிற்கிறது, அதுவும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகிறது. தேவையான இடம், டிஸ்க்கைப் படிக்கும் ஊசிக்கு அடியில் வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஊசி நகரும் நேரம் தனி. சின்னச் சின்ன ஃபைல்களை ஆயிரக்கணக்கில் தேடும்போது இந்தக் காத்திருப்பெல்லாம் சேர்ந்துகொள்ளும். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை.

ராம்தான் என்று முடிவானால், மாடல் நம்பரை வைத்து ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் பின்னால் கூட்டவே முடியாது, வாங்கும்போதே வேண்டியதைச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.